ஜெலுத்தோங் வீட்டில் சொன்ன முடிவு

நம் ஆய்வுக் கட்டுரையின் இறுதி வரைவை வெளிநாட்டுக் கூட்டாளிகள் இன்று காலை அனுப்பியிருந்தார்கள். உன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. எழுதியவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் அப்படிப் போடுவது நம் துறை வழக்கம். நீ பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாய். "வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவ லா நான், எனக்கு எதுக்குச் சிலுவை நடுறாங்க?" என்று ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியை மூடிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

நீ நோயாளிகளைப் பார்த்தாய். நான் அவர்களுடைய கட்டியைப் பார்த்தேன். அறுவைக்குப் பின் மெல்லிய சீவலாகக் கண்ணாடித் தகட்டில் வரும் மூளைக் கட்டிதான் எனக்குத் தெரிந்த நோயாளி. அதற்கு முகம் கிடையாது, அழுகை கிடையாது, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நீ அப்படி இல்லை. கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன், இறந்தவர்களின் வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் முடிவைச் சொல்வாய். வேறு எந்த ஆய்வாளரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. முந்தைய ஆய்வு ஒன்றின்போது, சுங்கை பாக்காப்பில் ஒரு வீட்டுக்கு என்னையும் இழுத்துப் போனாய். "அவங்க தலையத் திறந்து பார்த்திருக்கோம். என்ன கண்டோம்னு சொல்ல வேணாமா?" என்று திரும்பி வரும்போது கேட்டாய்.

இந்த ஆய்வில் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. கதிர்வீச்சோடு அந்தப் பழைய மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டி கொஞ்ச காலமாவது அடங்கும் என்று நம்பினோம். அடங்கவில்லை. மருந்து எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனார்கள். எடுத்தவர்கள் வாந்தியோடு போனார்கள், அதுதான் வித்தியாசம். முடிவு வந்த அன்று நீ அட்டவணையை இரண்டு முறை படித்தாய். பிறகு, "வேலை செய்யலன்னா வேலை செய்யலன்னு எழுது. பூசி மெழுகாத" என்றாய். மறுவாரம் ஒரு காலை, மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில், ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். வீடுகளுக்குப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் போனேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாரே, நம் மருந்தை எடுத்தவர், அவருடைய வீடு. "லிஃப்ட் ரோசாக் ஆயிருச்சே டாக்டர், படியேறியா வந்தீங்க?" என்று அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். பழப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, மருந்தால் பயனில்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

அவர் பழப் பையை ஓரமாக நகர்த்தினார்.

"கடைசியில அவரு சோறே சாப்பிடல. வாயில வச்சா வாந்தி. நோய்னாலன்னு நெனச்சேன். மருந்துனாலயா?"

"மருந்தும் ஒரு காரணம்க்கா."

"மருந்து இல்லன்னா சாப்பிட்டிருப்பாரா?"

"கொஞ்சம் சாப்பிட்டிருப்பாரு."

"வேணாம்னு வாய மூடிக்குவாரு டாக்டர். நாந்தான் அந்த மருந்தக் கட்டாயப்படுத்திக் குடுத்தேன்."

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் குரல் உயர்ந்தது. "அந்த டாக்டரம்மா ஏன் வரல? நானே வந்து சொல்றேன்னாங்களே. இப்ப முகத்தக் காட்ட முடியலியா?"

நீ இறந்தது அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்களாவது சாப்பிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"காலையிலயே போயிட்டாங்கக்கா. அன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல."

அதைக் கேட்டுத்தான் அவர் அழுதார். நானும் அழுதேன்.

வரைவின் கடைசி வரியில் ‘நம்பிக்கை தரும் போக்கு’ என்று கூட்டாளிகள் சேர்த்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டேன். பயன் இல்லை, பலரால் சாப்பிடக்கூட முடியவில்லை என்று எழுதியிருக்கிறேன். சண்டைக்கு வருவார்கள், வரட்டும். எல்லா வீடுகளுக்கும் போய் முடிக்கும்வரை கட்டுரை என்னிடமே இருக்கும். இனி ஒவ்வொரு வீட்டிலும் மருந்து தோற்றதைச் சொல்ல வேண்டும், நீ இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.