சைக்கிள் சீட்டுக்கு அடியில் குளவி

ஸ்ரீபெரும்புதூர்
24.11.91

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் எழிலரசி எழுதுவது. நானும் அத்தையும் நல்ல சுகம். பம்பாயில் உங்கள் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சைக்கிளை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். விற்கவில்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படியுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் மழை விட்ட ஒரு நாள், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குக்கு நடுவே ஒரு குளவி ஈரமண்ணை அப்பத் தொடங்கியது. முதலில் மண், பிறகு சிலந்தி. நம் வீட்டு மூலைகளில் இருந்த சிலந்திகளைத்தான் கொட்டிக் கொட்டித் தூக்கிப் போனது. கொட்டினால் சாவதில்லை, மயங்கிக் கிடக்கின்றன. பிடி நழுவி ஒன்று அடுப்படியில் விழுந்தது. கால் ஆடிக்கொண்டே இருந்தது, பாவம். எல்லாம் குஞ்சுக்குத் தீனியாம். தாய்க்குளவிக்கு இரை குறையக் கூடாதென்று அத்தை ஒட்டடைக் கம்பையே ஒளித்துவைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பின்தெரு கன்னியப்பன் சைக்கிளை வாங்கிப் போக வந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தவர், கூட்டைக் குத்த ஒரு குச்சியை எடுத்தார். அத்தை தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார்கள்.

“இன்னா கன்னியப்பா, கைய எடு. புள்ளத்தாச்சி கீற வூட்ல குளவிக்கூட்ட ஒடைப்பாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டு என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாள் தள்ளிப்போனதை மழைக்கால உடம்பு என்று நினைத்திருந்தேன். ஆறு வருஷமாக ஏமாந்தவள் வேறென்ன நினைப்பேன்? சாயங்காலத்துக்குள் தெருவே வந்து விசாரித்தது. இல்லையென்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவேன் என்று அத்தையிடம் சண்டை போட்டேன், அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் சரோஜா அக்கா பார்த்துவிட்டு, பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டுக்காரர் வந்திருந்தாரா என்று கேட்டுச் சிரித்தார். வந்திருந்தீர்களே, மாமா. வைகாசியில் பிறக்குமாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அத்தை என் கையை விடவேயில்லை. அவர்களுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிகிறது, பார்த்தீர்களா?

இன்னொரு சேதி. ஒரகடம் ரோட்டில் ஒரு புதுக் கம்பெனிக்கு ஃபிட்டர் எடுக்கிறார்களாம். மார்கழி பிறப்பதற்குள் நேரில் வரவேண்டுமாம். பம்பாய் அளவுக்குச் சம்பளம் வராது, தெரியும். ஆனால் ஷிப்டு முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நேற்றுப் பார்த்தால் கூட்டில் ஓட்டை. குஞ்சுகள் பறந்துவிட்டன. இனி சைக்கிளை எடுக்கலாமா என்று கேட்டேன். என் பிள்ளை வந்து எடுக்கட்டும் என்கிறார்கள் அத்தை.

டயருக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். முன்பக்கக் கம்பியில் ஒரு சின்ன சீட் மாட்ட வேண்டும், மாமா. அந்த வேலை எனக்குத் தெரியாது. குன்றத்தூர் முருகன் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
எழிலரசி