இடது ஓரம்

மார்ச் 4, செவ்வாய்

பதிப்பகத்து அம்மா நேற்று நான் எடுத்து அனுப்பிய எட்டுப் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். நகரத்தை நடந்தே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான கையேடு. நாற்பது படம், இருபதாம் தேதிக்குள். எல்லாவற்றிலும் இடது ஓரம் கலங்கியிருக்கிறது, பார்க்கவே இல்லையா என்றார். பார்க்கவில்லைதான். இப்போது பார்த்தேன். பாலத்தின் வலது தூணில் ஆணித்தலைகளை எண்ணலாம். இடது தூண் சோப்பு நுரை.

பதினாறு மில்லி அகலக்கோண லென்ஸ். பிப்ரவரி தொடக்கத்தில் இதே லென்ஸில் எடுத்தவை நான்கு மூலையும் ஊசி முனை. நடுவில் நடந்தது ஒன்றுதான். முந்தாநாள், ஞாயிற்றுக்கிழமை, மாமா தன் பழைய கேமராவில் மாட்ட அதை வாங்கிக்கொண்டு போனார். அக்காவையும் அவர்கள் மகள் பாப்பாவையும் துறைமுகத்துக்குக் கூட்டிப்போக.

மார்ச் 5, புதன்

செங்கல் சுவர் சோதனை. முக்காலி, மட்டக் குமிழி, அப்பர்ச்சர் முழுத் திறப்பு. இடது பக்கச் செங்கல் கலங்கல். கேமராவைத் தலைகீழாகக் கட்டி மறுபடி எடுத்தேன். இப்போது வலது பக்கச் செங்கல் கலங்கல். ஆக, சுவர் கோணல் இல்லை, நான் நின்றதும் கோணல் இல்லை. ஐம்பது மில்லி லென்ஸை மாட்டினால் ஒரு குறையும் இல்லை.

அகல லென்ஸுக்குள் ஏதோ கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அது தானாக நகராது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேன். நேரடியாகத்தான். மாமா பஸ் பணிமனையில் நேரக்காப்பாளர். நாளெல்லாம் டிரைவர்களின் சாக்குகளைக் கேட்கிறவர். சாக்கு சொல்லத் தெரியாதா?

"பஸ்ல மடியிலயே வெச்சிருந்தேன் மாப்ள. உங்கக்காவக்கூட நான் அவ்வளவு பத்திரமா கூட்டிட்டுப் போனதில்ல."

பாப்பா சிரித்தாள். அக்காவும். நான் சிரிக்கவில்லை. எடுத்த படங்களைப் பார்க்கிறாயா என்றார். ஐஸ்கிரீமும் கப்பலும் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? வேண்டாம் என்றேன்.

ஒன்று உறுத்துகிறது. லென்ஸைத் துடைத்து, இரண்டு மூடியும் போட்டு, பைக்குள் வைத்துக் கொடுத்தார். வாங்கின கத்தரிக்கோலையே திருப்பித் தராத மனிதர்.

மார்ச் 7, வெள்ளி

மூடியில் ஒரு கீறல். பழசாக இருக்கலாம். இல்லை. புதுசு.

மார்ச் 8, சனி

படிக்கட்டுத் தெரு. அகலக்கோணத்தில் எட்ட நின்றால் எல்லாம் எறும்பாகிவிடும். முதல் படி காலில் இடிக்கிற மாதிரி ஒட்டி நிற்க வேண்டும். நின்றேன். இடது பக்கம் வெறும் வானம் வருகிற மாதிரி பார்த்துப் பார்த்து எடுத்தேன். நாற்பது படத்திலும் இடது பக்கம் வானமா? அந்த அம்மா குருடில்லை.

அவருக்கு எழுதிவிட்டேன்: 'உறவினர் ஒருவர் லென்ஸைக் கீழே போட்டுவிட்டார்.' 'போலிருக்கிறது' என்று சேர்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அக்கா தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. "போட்டிருந்தா போட்டேன்னு சொல்ற மனுஷன்டா அவரு. இத்தன வருஷம் ஒரே வீட்ல இருக்க, தெரியாதா உனக்கு?"

இவளும் அன்றைக்குக் கூடத்தானே போனாள். இவளுக்கும் தெரியுமோ?

மார்ச் 12, புதன்

மாமா என் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"வரும்போது பஸ்ஸு ரொம்பக் குலுங்குச்சு. அதுல ஆயிருக்குமோ என்னவோ. எனக்குத் தெரியாம நடந்திருந்தா மன்னிச்சிரு மாப்ள."

பெரிய மனது பண்ணி, "சரி விடுங்க மாமா" என்றேன்.

ஆனால் ஒரு வாரம் கழித்து ஏன்? குலுங்கினதுதானா, அதற்கு மேல் ஏதாவதா? பாதியைச் சொல்லி மீதியை மறைக்கிறாரோ?

மார்ச் 13, வியாழன்

அவர் வேலைக்குப் போனதும் அலமாரியிலிருந்த அவர் கேமராவின் மெமரி கார்டை எடுத்தேன். எந்த இடத்தில் போட்டார் என்று கண்டுபிடிக்க. எந்தப் படத்திலிருந்து கலங்குகிறதோ அதற்கு முந்தின நிமிஷம்.

அறுபத்தொரு படம். எதுவும் கலங்கவில்லை.

கடைசிப் படம் எங்கள் வாசல், மாலை 6.40. பாப்பா இடது ஓரத்தில் நிற்கிறாள். ஓரத்தில் நின்றதால் இழுபட்டு, எட்டு வயது பதினைந்தாகத் தெரிகிறது. ஆனால் கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தனித்தனி. அதற்கப்புறம் லென்ஸ் பைக்குள் போய் நேரே என் கைக்கு வந்தது.

லென்ஸில் கோளாறு இல்லை. அப்படியானால் என் கேமராவில்.

பிப்ரவரி கடைசியில், லென்ஸ் மாட்டுகிற வளையம் ஆடுகிறது என்று நானேதான் நாலு திருகையும் கழற்றினேன். ஒரு பக்கம் மெல்லிசாய் ஒரு துண்டுத் தாள் வைத்து இறுக்கினேன். முடியளவு தடிமன், ஆனால் லென்ஸ் அந்த அளவுக்குச் சாய்ந்துவிட்டது. ஐம்பது மில்லி அதைப் பொறுத்துக்கொள்ளும். பதினாறு பொறுக்காது. நாலு வருஷம் படித்தது இதைத்தான். லென்ஸை வேறொரு கேமராவில் மாட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அவர்மேல் அவ்வளவு நிச்சயம்.

மார்ச் 14, வெள்ளி

தாளை எடுத்தேன். செங்கல் சுவர் நாலு மூலையும் துல்லியம். வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

மாமா யாரிடமோ விசாரித்து, லென்ஸ் பழுதுபார்ப்பவரின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். சீ.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தாள், வளையம், கார்டைத் திருட்டுத்தனமாக எடுத்தது, எல்லாம்.

"அப்ப நான் போடல."

"இல்ல மாமா."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு மாப்ள. எங்கயோ போட்டுட்டு மறந்துட்டனோன்னு."

திட்டுவார் என்று நின்றேன். முடித்த காலரையே மறுபடி தேய்த்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

பதிப்பகத்துக்கும் எழுதினேன். தவறு என்னுடையது, உறவினருடையது அல்ல.

மார்ச் 20, வியாழன்

நாற்பதும் போய்ச் சேர்ந்தன. ஓரம்வரை தெளிவாக இருக்கிறது என்று அந்த அம்மா ஒரு வரி அனுப்பினார்.

மார்ச் 23, ஞாயிறு

மூவரும் ஏரிக்குக் கிளம்பினார்கள். லென்ஸ் பையை நீட்டினேன்.

"வேணாம் மாப்ள. போன்லயே எடுத்துக்கறோம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையை மட்டும் நீட்டவில்லை.

வாசலில் மூன்று பேரும் ஒட்டி நின்று, மாமா கையை எட்டின மட்டும் நீட்டி ஒரு படம் எடுத்தார். அவர் தலையில் பாதி வெளியே போயிருக்கும்.