நிமிடத்துக்கு அறுபது சொல்

பிப்ரவரி 3

உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறைதான் எங்கள் வாசிப்பு வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிப் படிக்கும் ஆறு பேர். நீளமான சொல் வந்தால் போதும், என் முகத்தைப் பார்ப்பார்கள். என் முகத்திலா எழுதியிருக்கு?

இன்று ‘தூக்கமின்மை’யை அட்டையில் எழுதி, கத்தரியால் இரண்டாக வெட்டிக் காட்டினேன். தூக்கம். இன்மை. இன்மை என்றால் இல்லாமல் இருப்பது. பத்துத் தடவை சொன்னேன். தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

பிப்ரவரி 5

மறுபடியும் முதலிலிருந்து. கத்திவிட்டேன்.

பிப்ரவரி 11

முணுமுணு (வாய்க்குள்ளேயே படிப்பதால் அவளுக்கு நான் வைத்த பேர்) ‘பொறுமையின்மை’க்கு நடுவே பென்சிலால் கோடு போட்டாள். நான் சொல்லித்தராத சொல்! “பொறுமை இல்லாம இருக்கிறது. உங்களை மாதிரி, டீச்சர்.”

வீட்டில் சொன்னேன். பொண்ணு சரியாத்தானே சொல்லியிருக்கா என்றார் இவர்.

பிப்ரவரி 18

தலைமையாசிரியை வந்து குண்டைப் போட்டுவிட்டுப் போனார். இருபத்தேழாம் தேதி வாசிப்புத் தேர்வு. நிமிடத்துக்கு அறுபது சொல் படிக்காத பிள்ளைகளைத் திரும்ப நாலாம் வகுப்பில் உட்கார வைப்பார்களாம். முணுமுணுவின் தங்கச்சி நாலாம் வகுப்பு. அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சிலா? அப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் பக்கம் வருமா?

பிப்ரவரி 20

ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். முணுமுணு முப்பத்தெட்டு. ஒவ்வொரு நீளச் சொல்லிலும் நின்று, கோடு போட்டு, யோசித்து, புரிந்ததும் தானே தலையாட்டிக்கொண்டு — நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறாள். எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிப்ரவரி 26

நாற்பத்தொன்று. நாளைக்குத் தேர்வு. அவள் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிவிட்டேன். நீளமா வந்தா நிக்காதே, விட்டுட்டு ஓடு என்றேன்.

“அர்த்தம் தெரியாமலேயா டீச்சர்?”

“இப்ப அர்த்தத்தை யாரு கேட்டா?”

நானா சொன்னேன் இதை? சே.

பிப்ரவரி 27

விட்ட சொற்களைக் கழித்தும் அறுபத்துமூன்று.

மார்ச் 4

தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பிறகு வகுப்பில் ஒரு புதுக்கதை கொடுத்தேன். முணுமுணு கடகடவென்று ஓடினாள். ‘நம்பிக்கையின்மை’ வந்தது, தாண்டிவிட்டாள். ‘ஒற்றுமையின்மை’, அதையும். நிறுத்தச் சொல்லி, அது என்ன சொல் என்று கேட்டேன். அவள் சொல்லைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

“நேரம் பாக்கறீங்களா டீச்சர்?”

இல்லையென்றேன்.

“அப்ப நிக்கலாமா?”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தாராளமா நில்லும்மா என்று மட்டும் சொன்னேன்.