மூன்றாவது தட்டு

லீட்ஸ்,
8 நவம்பர் 1968

அன்புத் தங்கை பெரிலுக்கு,

நாங்கள் சுகம். நேற்று உன் நாடகத்தை டிவியில் பார்த்தோம். பக்கத்து வீட்டு மிஸஸ் ஹாட்ஜ்சன் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். லண்டனுக்குப் போய்ப் பத்து வருடமாக நர்ஸ், கடைக்காரி என்று சின்ன வேடங்களில் தலைகாட்டிய உனக்கு ஒருவழியாகப் பெரிய வேடம் கிடைத்ததில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அந்தத் தாய் பழக்கத்தில் மூன்று தட்டு வைத்தாளே, பிறகு பிள்ளையின் சாண்ட்விச்சைச் சுவரைப் பார்த்து நின்றபடி தானே தின்றாளே, அங்கே நான் எழுந்து கரிக்கொட்டகைக்குப் போய்விட்டேன். என் பிள்ளை கீத்தை அடக்கம் செய்த அன்று நான் அதைச் செய்தபோது சமையலறையில் நீ ஒருத்திதான் இருந்தாய். அவன் அப்பா ஆர்தர் பார்த்துவிடக் கூடாதென்றுதான் அத்தனை அவசரமாக விழுங்கினேன். நேற்று அவர், "இவ எங்க பாத்தா இதையெல்லாம்?" என்றார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வின்னி


லண்டன்,
12 நவம்பர் 1968

அன்புள்ள அக்கா,

எழுதிக் கொடுத்த காகிதத்தில் அந்தத் தாய் அழுகிறாள் என்று மட்டும்தான் இருந்தது. ஒத்திகையில் எனக்கு அழுகை வரவே இல்லை. டைரக்டர், "அழ வேணாம்மா, உனக்குத் தோணுறதச் செய்" என்றார். கை தானாக மூன்றாவது தட்டுக்குப் போய்விட்டது. செய்து முடித்த பிறகுதான் அது உன்னுடையது என்று உறைத்தது. அப்போதாவது வேண்டாம் என்றிருக்க வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள், வாயை மூடிக்கொண்டேன். மன்னித்துவிடு.

பெரில்


லண்டன்,
3 மே 1977

அன்புள்ள அக்கா,

ஒன்பது வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் உன் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறாய். அதுவாவது வருகிறதே என்றிருந்தேன். இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த நாடகத்தை மறுபடி ஒளிபரப்ப நினைக்கிறார்களாம். எங்கள் நடிகர் சங்க ஒப்பந்தப்படி நடித்தவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். நான் இப்போது ஒரு போலீஸ் தொடரில் தேநீர் கொண்டுவருகிறவள், வாரம் இரண்டு வரி. இது திரும்ப வந்தால் யாராவது என்னை நினைத்துக்கொள்வார்கள். ஆனாலும் நீ வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடமாட்டேன்.

பெரில்


லீட்ஸ்,
9 மே 1977

அன்புள்ள பெரில்,

போட்டுவிடு.

அன்று நாடகம் முடிந்ததும் ஆர்தர் கொட்டகைக்கே வந்தார். "அது நீதானே வின்னி?" ஆமாம் என்றேன். "நானும் அவன் சைக்கிளுக்கு வாராவாரம் காத்தடிச்சு வெச்சிட்டிருக்கேன்" என்றார். கீத் போய் அதுவரை இரண்டு வருடமாக நாங்கள் அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னோம்.

இதை அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். உன்னால் நல்லது நடந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கோபமாகவே இருந்துவிடுவது சுலபமாக இருந்தது. அது என் தப்பு. இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன், கடைசிவரை பார்க்கிறேன்.

உன் அக்கா
வின்னி


லண்டன்,
20 மே 1977

என் அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இன்று பதில் வந்தது. அனுமதி கேட்கிறவர்கள் ஓரிடம், நாடகம் பதிந்த டேப்பை வைத்திருக்கிறவர்கள் வேறிடம், இவர்களுக்கு இப்போதுதான் தெரிந்ததாம். அந்த டேப்பை மறு வருடமே அழித்து அதன் மேல் குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்களாம். டேப் விலை அதிகம், நிறையப் பேருடையது இப்படித்தான் போயிருக்கிறது. இத்தனை வருடம் நடித்ததில் நான் காட்டுவதற்கென்று அது ஒன்றுதான் இருந்தது. காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறேன்.

நீ பார்க்காமல் போன மீதி எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். உன் சமையலறையில், உனக்கும் ஆர்தருக்கும் மட்டும், நடித்துக் காட்டட்டுமா? வேண்டாமென்றால் கீத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். எனக்கும் அவனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெரில்