தளபதியின் கையெழுத்து

எக்ஸிடர்,
3 மே 1891

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கேக் ஒரே மாலையில் தீர்ந்தது. இங்கே ஓயாத மழை. என் காலுறைகள் காயவே மாட்டேன் என்கின்றன.

ஒரு பெரிய செய்தி! பதினாறாம் தேதி எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்குத் தளபதி சர் ஆம்ப்ரோஸ் வருகிறார். நம் மதுக்கடையில் கணப்புக்கு மேலே படமாகத் தொங்குகிறாரே, அவரேதான். 'போர்க்களத்திலிருந்து என்னைத் தோளில் சுமந்து வந்த எலையஸ் ட்ரெகோவுக்கு' என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட படத்தைப் பற்றித் தலைமை ஆசிரியை மிஸ் ஹார்டிங்கிடம் சொன்னேன். "அப்பாவ அந்தப் படத்தோட வரச் சொல்லும்மா" என்றார். என் வகுப்பு லூயிசா மட்டும், "மொதல்ல படத்தக் காட்டு, அப்புறம் நம்புறேன்" என்கிறாள். கட்டாயம் வாருங்கள்.

உங்கள் வரவுக்கு நாள் எண்ணி விரல் மடக்கும்,
டாம்சின்


8 மே

கண்ணு டாம்சினுக்கு,

எனக்கு மூட்டுவலி. அன்றைக்குப் பீப்பாய் வண்டி வேறு வருகிறது. படத்தின் கண்ணாடியிலும் கீறல். பெரிய மனிதரிடம் போய் என் பெயரை எடுக்காதே, சரியா? காலுறையைக் கணப்புக்கு ரொம்பப் பக்கத்தில் போடாதே, கருகிவிடும்.

அப்பா


17 மே

அப்பா,

அவர் வந்தார். படத்தில் உள்ள அதே மீசை, இப்போது வெள்ளை. வலது கையில் மட்டும் கறுப்புக் கையுறை. அதில் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. பார்வையாளர் பதிவேட்டில் இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாக எழுதினார். "அந்தப் போர்லயே போன விரலும்மா" என்று மிஸ் ஹார்டிங் என் காதில் சொன்னார்.

அப்படியானால் நம் படத்தில் உள்ள அழகான எழுத்து அவருடையது இல்லை. பீப்பாய்களில் சுண்ணக்கட்டியால் நீங்கள் எழுதுகிற எழுத்து அது. தினமும் பார்த்தும் எனக்குத் தெரியவில்லையே!

கோபம்தான் வந்தது. பூங்கொத்தை நீட்டினேன். அவர் என் பெயரைக் கேட்டார். "ட்ரெகோவா? எங்க பட்டாளத்துல ஒரு ட்ரெகோ இருந்தானே!"

லூயிசா பின்னால்தான் நின்றாள். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். உங்கள் போர்க்கதையில் எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று நீங்கள் சொன்னதே இல்லை. வெங்காயம் எத்தனை மூட்டை என்று மட்டும் தவறாமல் சொல்வீர்கள்.

"அவர் சமையல்காரர்தானே ஐயா?" என்றேன்.

"அவனேதான்! காயம்பட்டு எனக்குப் பதினோரு நாள் காய்ச்சல். அவன் வெங்காய சூப்பு ஒண்ணுதான் வயித்துல நின்னுச்சு. குடிக்கலேன்னா தளபதின்னும் பாக்காம திட்டுவான், முரட்டுப்பய!"

லூயிசா சிரித்தாள். சிரிக்கட்டும். தளபதியிடம் அவருடைய சிறிய படம் ஒன்று கேட்டு, அதில் எழுதி வாங்கியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. எதை மாட்டுவது என்பது உங்கள் விருப்பம். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, விடுமுறைக்குள் போய்விடும்.

டாம்சின்


24 மே

என் கண்ணுக்கு,

ஒரு வாரமாக எழுத முயன்று கிழித்துப் போட்டேன்.

பெரிய படம் பிளிமத்தில் கடையில் வாங்கியது. அவர் விரல் போனது எனக்குத் தெரியாதா? முதலில் இடது கையால்தான் எழுதிப் பார்த்தேன். தளபதி எழுத்து இவ்வளவு அசிங்கமா என்று ஊரார் நம்பமாட்டார்கள் என்று, வலது கையால் அழகாக எழுதிவிட்டேன். நீ பிறந்த வருஷம் அது. சமையல்காரன் மகள் என்று உன்னை யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். நீயே சொல்லிவிட்டாய்.

'தன் சூப்பால் என்னைப் பிழைக்க வைத்த ட்ரெகோவுக்கு.' நீ அனுப்பிய படத்தில் எவ்வளவு கோணல் எழுத்து! நேற்றுக் கடை நிறைய ஆள் இருக்கும்போதே மாட்டினேன். "அப்போ தளபதியத் தூக்கினது யாருப்பா?" என்று கொல்லன் ஜோப் கேட்டான். "எனக்கென்ன தெரியும்? நான் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன்" என்றேன். சிரித்துத் தீர்த்தார்கள்.

இந்தப் படம் சிறியது. பழையது தொங்கிய இடம் சுற்றிலும் வெளுப்பாகத் தெரிகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கப் போவதில்லை. தெரியட்டும்.

விடுமுறைக்கு எந்த ரயில் என்று எழுது. மூட்டு நன்றாகவே இருக்கிறது.

உன் அப்பா,
எலையஸ் ட்ரெகோ, சமையல்காரன்