உங்களுக்கு முன்னால் 3,218 பேர்

12 ஒக்டோபர் 2008, ஞாயிறு

கலியாண எழுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நவம்பர் 14, வெள்ளி. துவாரகன் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்து பதிவை முடித்துவிட்டுத் திரும்புவார். அந்தப் பத்திரத்தைக் காட்டி எனக்கு விசா. தாலிகட்டு பிறகு அங்கே. எங்கள் ஆட்களின் கலியாணம் எல்லாம் இப்போது இப்படி இரண்டு தவணையில்தான் நடக்கிறது.

அம்மாவுக்குச் சாதகம் பொருந்தியது போதும். எனக்குப் பிடித்தது வேறு. முதல் தடவை போனில் கதைத்தபோது, “நீர் கேம் விளையாடுவீரோ?” என்று கேட்டார். பெண் பார்க்கிறவர்கள் “சமைப்பீரோ” என்றுதான் கேட்பார்கள். சிரித்துவிட்டேன். அதுக்குப் பிறகு, மார்ச்சிலிருந்து நிலாம் நானாவின் நெற் கஃபேயில் நானும் எல்ட்மோர் விளையாடுகிறேன். உலகம் முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து விளையாடுகிற கேம். அதிலே அவர் வாள்வீரன், தன் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்: கரவெட்டி. வெள்ளைக்காரர் வாயில் அது ‘காரா’. நான் வைத்தியம் பார்க்கிறவள். பின்னால் நின்று, அடிபட்டவர்களின் காயத்தை மாற்றிச் சுகமாக்க வேண்டும். ஒபிசிலே மற்றவர்கள் விட்ட பிழையைத் திருத்துகிற என் வேலை மாதிரித்தான்.

அடுத்த மாதம் கேமுக்குப் புது எக்ஸ்பான்சன் வருகிறது. புது நாடு, புதுச் சண்டை, எண்பதாம் லெவல் வரை ஏறலாம். எழுத்து முடிந்த கையோடு வெள்ளவத்தையிலேயே பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இரண்டு பேருமாகப் போவோம் என்று சொல்லியிருக்கிறார். தேன்நிலவு!

29 ஒக்டோபர், புதன்

நேற்றிரவு புலிகளின் பிளேன் குண்டு போட வந்தது. ஊர் முழுக்க லைட்டை நிறுத்திவிட்டார்கள். ஆமிக்காரர் வானத்தைப் பார்த்துச் சிவப்பாகச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா இருட்டிலே ரேடியோவைத் தேடித் தண்ணீர்ச் செம்பைத் தட்டி ஊற்றினார். காலையில் ஒபிசுக்குப் போனேன்.

30 ஒக்டோபர், வியாழன்

துவாரகனின் மெயில். கொழும்பு நிலைமை சரியில்லையாம், லீவும் தரமாட்டோம் என்றுவிட்டார்களாம். எழுத்தைத் தைக்குத் தள்ளலாமா?

அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். “லீவு குடுக்காட்டி அவர் என்ன செய்யிறது?” என்று அவருக்காக நான்தான் வாதாடினேன். குண்டு விழுகிற ஊருக்கு வா என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் அழுகை வந்தது. குளியலறையில் அழுதேன்.

13 நவம்பர், வியாழன்

எக்ஸ்பான்சன் இன்று. ஒபிஸ் விட்டதும் ஓடினேன். பெயரையும் பாஸ்வேர்ட்டையும் அடித்தால், சேர்வர் நிரம்பிவிட்டது, உங்களுக்கு முன்னால் 3,218 பேர் என்று வந்தது. இந்த ஊரில் நான் நிற்காத வரிசையா? ஆனால் கால் நோகாமல் நிற்கிற வரிசை இதுதான் முதல். முன்னால் நிற்கிறவனின் முதுகு தெரியாததுதான் கஷ்டம், யாரோடு சண்டை பிடிப்பது?

இரண்டு மணித்தியாலத்தில் எண்ணூறு பேர் குறைந்தது. பிறகு லைன் அறுந்து, திரும்ப வந்தால் 4,000க்கு மேலே. ஒருக்கால் விட்டால் கடைசிக்குத்தான் போக வேண்டும்.

“லைன் நல்லாத்தான் ஈக்கி தங்கச்சி, அங்கதான் கூட்டம்,” என்றார் நிலாம் நானா. எட்டரைக்குக் கடையைப் பூட்டினார். ஆமி செக்பொயின்றில் ஐடென்ரிரி கார்ட் காட்டி, பொலிஸ் பதிவுத் துண்டும் காட்டி வீட்டுக்கு வந்தேன். அங்கே என்றாலும் வரிசை நகர்ந்தது.

14 நவம்பர், வெள்ளி

எழுத்து நடந்திருக்க வேண்டிய நாள். அம்மா கோயிலுக்குப் போய் வந்தார்.

துவாரகனின் மெயில் இரண்டு வரி: “நானும் கியூவிலைதான். உள்ளுக்குப் போகேலாது. நீர் சும்மா காத்துக்கொண்டு இராதேயும்.” பாவம், வேலையால் வந்து களைத்துப்போய் அவரும் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

15 நவம்பர், சனி

காலையிலேயே இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு போனேன். வரிசை. சாப்பாடு. வரிசை. இரண்டு மணிக்குப் பிறகு உள்ளே விட்டது. கை தட்டினேன், பக்கத்தில் இருந்த பொடியங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புது நாட்டுக் கரையில் கால் வைக்கவில்லை, கப்பலுக்குக் காத்து நிற்கிறேன், திரைக்கு நடுவே மஞ்சள் எழுத்து. சேர்வரில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிற அறிவித்தல்: இந்தச் சேர்வரில் எண்பதாம் லெவலை முதன்முதலாக எட்டியவர், கரவெட்டி.

வேறு யாரோ என்று நினைக்கப் பார்த்தேன். உலகத்தில் எந்த வெள்ளைக்காரன் கரவெட்டி என்று பெயர் வைப்பான்?

திறந்த நிமிடத்தில் உள்ளே போய், வெளியே வராமல், நித்திரை கொள்ளாமல் இருந்தால்தான் இத்தனை கெதியாக எண்பது வரும். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனவரால் ஏலாது.

எங்கள் குழுவில் ஹெலன் என்று ஒரு மனுஷி, லீட்ஸில் பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்தவள். நான் வந்ததைக் கண்டு தனியாக எழுதினாள். வாழ்த்துகளாம். காரா கலியாண லீவு மூன்று கிழமை எடுத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் சொன்னாராம். அதை முழுக்க விளையாட விட்ட நல்ல மனைவியை அவள் இதுவரை கண்டதில்லையாம்.

கலியாண லீவு.

நன்றி என்று அடித்தேன். வேறு என்ன அடிக்க? கப்பல் வந்தது. நான் ஏறவில்லை.

உள்ளே போனவர்கள் வெளியே வராததால்தான் வரிசை நகராது. என்னை மூன்று நாள் வெளியில் நிறுத்தி வைத்த கூட்டத்தில் அவரும் ஒருவர். அதுக்குள்ளே ‘நானும் கியூவிலைதான்’ எண்டு எழுத எப்பிடி மனம் வந்தது? வெட்கமில்லையே? கேம் வேணுமெண்டால் வேணுமெண்டு சொல்லியிருக்கலாமே, நான் என்ன விளங்காதவளோ? நானும் விளையாடுறவள்தானே!

16 நவம்பர், ஞாயிறு

அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

“அவருக்கு லீவு கிடைச்சதாம் அம்மா.”

“பிறகென்ன, வரலாந்தானே?”

“எனக்கில்லை. கேமுக்கு. கலியாணமெண்டு சொல்லி எடுத்தவர்.”

அம்மா அடுப்பை நிறுத்தினார். “ஆம்பிளையளுக்கு ஒரு விசர் இருக்கும் வாசுகி. குடியில்லை, சூதில்லை. இதையும் ஒருக்கால் யோசி,” என்றார். யோசிக்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசிக்கிறேன். விசா இருக்கிறது, லண்டன் இருக்கிறது, செக்பொயின்ற் இல்லாத தெரு இருக்கிறது. அவர் கெட்ட மனிதரும் இல்லை. எனக்கு இருபத்தெட்டு.

பெரிய மெயில் ஒன்று எழுதி அனுப்பினேன். முடிவில் ஏன் என்று மட்டும் கேட்டேன்.

24 நவம்பர், திங்கள்

ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. மன்னிப்பு முதல் வரியிலேயே இருந்தது. சேர்வர் திறக்கிற நாள் ஒருமுறைதான் வரும், எழுத்து எப்பவும் வைக்கலாம் என்று நினைத்துவிட்டாராம். சரி. அதைக்கூட விழுங்கியிருப்பேன்.

அதன் கீழே: கலியாண லீவுக்குத் தன்ர ஒபிசில் பத்திரத்தின் பிரதி கேட்கிறார்களாம். தையில் வந்து பதியும்போது நவம்பர் 14 என்று திகதி போட ஏலுமா, அப்பாவுக்கு அரசாங்கக் கச்சேரியில் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள்தானே? அதுவரைக்கும் நான் கலியாணக் கூறைச்சீலை மாதிரி ஏதாவது உடுத்து ஒரு படம் அனுப்பினால் உதவியாக இருக்குமாம்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் கச்சேரியில் கிளார்க்காக இருந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த ஊரிலை ஒரு துண்டிலை திகதி மாறிக் கிடந்தால் விடிய விடிய பொலிசிலை இருக்க வேணும். அந்தப் பிள்ளைக்கு அது மறந்துபோச்சே?”

மறக்கவில்லை. பிளேன் வந்ததும் நிலைமை சரியில்லை என்று எழுதத் தெரிந்ததே. தான் வராமல் இருப்பதற்கு மட்டும் இங்கே ஆபத்து. நான் கள்ளத் திகதியுடன் செக்பொயின்றில் நிற்பதற்கு ஆபத்து இல்லை.

இன்றைக்கு அழுகை வரவில்லை. “வேண்டாம், வராதேயுங்கோ” என்று எழுதினேன். அனுப்பிவிட்டு நிலாம் நானாவிடம் பால் விடாத பிளேன்ரீ ஒன்று வாங்கிக் குடித்தேன்.

26 நவம்பர், புதன்

அம்மா சாதகக் குறிப்பைத் தரகரிடமிருந்து திரும்ப வாங்கி வந்தார். என்னோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

18 ஜனவரி 2009, ஞாயிறு

வரிசையே இல்லை. பெயரை அடித்தேன், உள்ளே விட்டது. புது நாட்டைப் புதினம் பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள்.

எழுபத்தாறாம் லெவலுக்கு வந்துவிட்டேன். ஹெலனின் குழுவுக்கு வைத்தியம் பார்க்க ஆள் குறைவு, கூப்பிட்டாள், போனேன். பத்துப் பேர். அதில் கரவெட்டியும் நின்றது. “சுகமோ?” என்று கேட்டது. “சுகம்” என்றேன். நல்ல சண்டை, இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் வென்றோம். இருட்டுவதற்கு முதல் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

“அவரும் நிண்டவரோ?”

“ஓம்.”

“என்ன செய்தனீ?”

“காயத்தை மாத்தினனான்.”

அம்மா அகப்பையோடு நின்றார்.

“பத்துப் பேருக்கும் மாத்திறதுதான் அம்மா. அதிலை அவரும் ஒராள்.”

என் சோற்றில் பருப்பை விட்டார். இன்னும் கொஞ்சம் விடச் சொன்னேன்.