மெஷினுக்குக் கட்டிய பாவாடை

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. தொடங்கிவிட்டதாக வைத்துக்கொள், உண்மையைப் பின்னால் சொல்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். எங்கள் வீட்டின் அளவுக்கு, போனில் முணுமுணுத்தால்கூட உன் அக்கா காதில் விழும். தவிர, போன மாதம் நான் மூன்று முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. அதனால் ஆபீசில், சாப்பாட்டு வேளையில், தண்ணீர் மீட்டர் கணக்குப் புத்தகத்தின்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது.

விஷயம், நீ எங்கள் பின்அறையில் விட்டுப்போன மெஷின். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பலகையில் அப்படியே செதுக்கும் என்று பெருமையாகச் சொல்வாயே, அதுதான். "ஆறு மாசத்துல எடுத்துக்கிறேன் அத்தான்" என்றாய். மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் அப்பா இறந்தபோது நீ வராததும், "இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல" என்று அவள் போனை வைத்ததும், நீயும் வாயை மூடிக்கொண்டதும் உங்கள் விவகாரம். அதற்குள் நான் நுழையவில்லை. ஏற்கெனவே மத்தளம்போல இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவன் நான்.

சண்டை நடந்த வாரம் அவள் மெஷினைப் பழைய போர்வையால் மூடினாள். விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துப் போர்வையை எடுத்தாள். "சும்மா கெடந்தா துருப்பிடிக்கும்" என்றாள். நீ விட்டுப்போன நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கற்றாள். பலகை பலகையாகப் பாழானது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் வரைபட ஆபீசில் கோடு போட்ட கை அல்லவா, சும்மா விடுமா? கடைசியில் பார்வையற்றோர் பள்ளிக்காக ஒரு வரைபடம் செதுக்கினாள். பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் பலகையில் மேடாக நிற்கும், விரலால் தடவியே வழி தெரிந்துகொள்ளலாம். அங்கே ஒரு டீச்சர், அவருக்கும் கண் தெரியாது, தடவிப் பார்த்துவிட்டு, "மருந்துக்கடைகிட்ட ஒரு சந்து உண்டே, அதை விட்டுட்டீங்களேம்மா" என்றார். உன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வகுப்புக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு பலகை கேட்டிருக்கிறார்கள்.

இனி தூசிக் கதை. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் தூள் மைதா மாதிரி பறக்கிறது. சட்டியில், தலையணையில், என் கணக்குப் புத்தகத்தில், எங்கும் அதுதான். மாஸ்க் போட்டால் கண்ணாடி பனிக்கிறது என்று கழற்றிவிடுவாள். நீ இங்கே மெஷின் ஓட்டிய நாளிலேயே லேசாக இருந்த இருமல் முதலில் கூடியது. பிறகு மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிவிட்டு, நுரையீரல் பாதிக்குச் சற்று மேல்தான் வேலை செய்கிறது என்றார். "மெஷினா மூச்சான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்கம்மா" என்றும் சொன்னார்.

நானே முடிவு பண்ணினேன். அவளைக் கேட்காமல் ஒரு தச்சரிடம் விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வேனோடு வரச் சொன்னேன். தச்சர் வந்ததும் அவள் எழுந்துபோய் மெஷினின் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். ஐம்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. தச்சர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். டீ குடித்துவிட்டு அவர் வெறும் வேனோடு போனார்.

ஆகவே, மெஷின் இருக்கட்டும், தூசி போகட்டும் என்று இறங்கினேன். வாக்குவம் கிளீனரின் குழாயை மெஷினில் நேராகப் பொருத்தினேன். கால் மணி நேரத்தில் அடைத்துக்கொண்டு கருகல் வாடை வந்தது. நடுவில் ஒரு பெயிண்ட் வாளியை மூடியோடு வை, காற்று உள்ளே சுழலும், தூசி அடியில் தங்கிவிடும் என்று அந்தத் தச்சரே சொன்னார். வைத்தேன். குழாய் ஒருமுறை அடைத்தது, வாளி பட்டென்று உள்வாங்கி, மிதித்த டப்பா மாதிரி ஆனது. கெட்டியான வாளி வாங்கினேன். அப்புறம் குழாயைத் தொட்டால் ஷாக் அடித்தது. தூசி உரசி உரசி வருகிற கரண்டாம், அதை மண்ணில் இறக்க ஒரு செம்புக்கம்பி. நாள் முழுக்கப் படியேறி மீட்டர் பார்த்துவிட்டு வந்து, இந்த வயசில் இந்தக் கூத்து. சலித்துப்போய்விட்டது, மச்சான்.

இவ்வளவு செய்தும், வெட்டுகிற இடத்தைச் சுற்றி மறைப்பு இல்லாமல் பாதித் தூசி வெளியேதான் பறந்தது. யோசனை ஏதாவது கிடைக்குமா என்று உன் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். வெட்டும் முனையைச் சுற்றிப் பிரஷ் முடியால் ஒரு வட்டப் பாவாடை. பக்கத்தில் உன் கையெழுத்து: "அக்கா இருமுகிறாள். போவதற்குமுன் இதை முடிக்க வேண்டும்." நீ முடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். தலையை நிமிர்த்தாமலே, "அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்" என்றாள்.

தெரிந்துகொண்டே ஏன் இத்தனை நாள் செய்யவில்லை என்று கத்திவிட்டேன். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டே, "அவன்தானே முடிக்கணும்னு எழுதியிருக்கான்" என்றாள்.

உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிறகு அந்தப் பாவாடையை நானே செய்ய உட்கார்ந்தேன். இரண்டைக் கெடுத்தேன். மூன்றாவதைப் பாழாக்கும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க, கண்றாவியா இருக்கு" என்று, முடி ஒட்டுகிற வளையத்தை அந்த மெஷினிலேயே வெட்டி எடுத்தாள். துடைப்ப முடியை நான் ஒட்டினேன். இப்போது மூன்று வாரமாக மேசையை விரலால் தடவினால் சுத்தமாக இருக்கிறது. வாளியில்தான் கைப்பிடி கைப்பிடியாகத் தூள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை நாள் இது எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன திங்கள் அவளை மறுபடி ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். "போனது திரும்பாது சார். இனிமே மோசமாகாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். அவள் வெளியே வந்து, இன்னும் ஏழு பலகை பாக்கி என்றாள். படி இறங்க இரண்டு இடத்தில் நின்றோம்.

மச்சான், உன்னை வா என்று கூப்பிடவில்லை. உன் வேலை, உன் லீவு, உனக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் செய். பாவாடைக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று நீ எழுதவில்லை. அவள் குத்துமதிப்பாக வைத்திருக்கிறாள், ஆழமாக வெட்டினால் முடி சிக்குகிறது. காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்குவாள். அப்போது அவளைக் கூப்பிட்டு அதை மட்டும் சொல். உடம்பு எப்படி என்று கேட்காதே, வைத்துவிடுவாள். மன்னிப்பும் கேட்காதே. கட்டாயம் திட்டுவாள். நடுவில் இருமல் வந்து பேச்சு நிற்கும். முடிந்தது என்று நினைத்து நீ வைத்துவிடாதே. கொஞ்சம் பொறு, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி திட்டுவாள். முழுசாகக் கேட்டுக்கொள். அவளுக்குத் திட்டத் தெம்பு இருக்கும்போதே வாங்கிக்கொள், ராசா.

நீ எங்கே இருந்தாலும் நல்லா இரு.

என்றும் உன்
அத்தான்